மொத்த வியாபாரியின் ஆர்டரும் ஆலையின் லாபமும்

விநியோகத் தொடர் ஒருங்கிணைப்பு பற்றி ஒரு பாடம்

ஒரு மாதம் குடோனில் கால் வைக்க இடமில்லை. அடுத்த மாதம் அதே சரக்குக்குக் கடைக்காரர்கள் அலைகிறார்கள். இந்த நிலையை அனுபவிக்காத மொத்த வியாபாரி நம்மில் யாரும் இருக்க முடியாது. காரணம் கேட்டால், கம்பெனி தேவைக்கு மேல் சரக்கைத் தள்ளிவிட்டது என்று நாம் சொல்கிறோம். மார்க்கெட் நிலவரம் சரியில்லை என்று கம்பெனிப் பிரதிநிதி சொல்கிறார். ஆனால் வாடிக்கையாளர் வீட்டில் சோப்பும் பிஸ்கட்டும் சேமியாவும் செலவாகும் அளவு வாரத்துக்கு வாரம் அப்படி ஒன்றும் மாறிவிடுவதில்லை. அப்படியானால் இந்த ஏற்ற இறக்கம் எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்விக்கு விடை காண்பதே இப்பாடத்தின் முதல் நோக்கம். ஏற்ற இறக்கத்தை அடக்கினால் கிடைக்கும் லாபம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதைப் பார்ப்பது இரண்டாவது நோக்கம். வணிகர்களாகிய நமக்கு இரண்டாவதுதான் மிகவும் முக்கியமானது.

விநியோகத் தொடர் என்பது என்ன?

மூலப்பொருள் தருபவர், ஆலை, ஆலையின் கிடங்கு, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை, வாடிக்கையாளர் ஆகிய அனைவரையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பதைத்தான் ‘சப்ளை செயின்’ அல்லது விநியோகத் தொடர் என்கிறார்கள். இந்தத் தொடரில் சரக்கு மேலிருந்து கீழே வருகிறது; பணம் கீழிருந்து மேலே போகிறது. இவை இரண்டும் நம் கண்ணுக்குத் தெரிபவை. மூன்றாவதாக ஒன்றும் மேலே போகிறது. அதுதான் செய்தி. எந்தச் சரக்கு, எவ்வளவு, எந்த நாளில் விற்றது என்ற செய்தி.

நெடுங்கால வழக்கத்தில் இந்தச் செய்தி ஆர்டர் என்ற வடிவில் மட்டுமே ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் ஆர்டர் வேறு, விற்பனைக் கணக்கு வேறு. ஆர்டரில் விற்பனை மட்டுமா இருக்கிறது? விலை ஏறிவிடுமோ என்ற பயம், ஸ்கீமை விட்டுவிடக் கூடாது என்ற ஆசை, லாரி நிறைய வேண்டும் என்ற அவசியம், கையிலிருக்கும் பணத்தின் அளவு எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஆலையோ அதை அப்படியே மக்களின் தேவை என்று எடுத்துக்கொள்கிறது.

ஒருங்கிணைப்பு என்றால் எல்லாரையும் ஒரே முதலாளியின் கீழ்க் கொண்டுவருவது என்று பொருள் அல்ல. அவரவர் தொழில் அவரவரிடம்தான் இருக்கும். விற்பனைச் செய்தியைக் கலப்பில்லாமல் மேலே அனுப்பி, அதற்கேற்ப ஆலை உற்பத்தி செய்வதும், அதற்கேற்ப லாரி புறப்படுவதும்தான் ஒருங்கிணைப்பு ஆகும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு சரக்கை எடுத்துக்கொள்வோம். கடையில் வாரத்துக்கு 100 பெட்டி விற்கிறது. கடைக்காரர் இரண்டு வார விற்பனைக்கான சரக்கை, அதாவது 200 பெட்டியை எப்போதும் இருப்பில் வைத்திருப்பார். மொத்த வியாபாரியும் அதே கணக்கில் 200 பெட்டி வைத்திருப்பார். இருவரும் வாரம் 100 பெட்டி ஆர்டர் செய்கிறார்கள். ஆலைக்கும் வாரம் 100 பெட்டி ஆர்டர் வருகிறது.

ஒரு வாரம் விற்பனை 110 ஆக உயர்கிறது. உயர்வு பத்தே பெட்டிதான்; அதன் பிறகு விற்பனை 110 என்ற அளவிலேயே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கடைக்காரர் என்ன செய்வார்? விற்ற 110 பெட்டியையும் நிரப்ப வேண்டும். இரண்டு வார இருப்பு 220 ஆக வேண்டியிருப்பதால் மேலும் 20 பெட்டி வேண்டும். எனவே அவர் 130 பெட்டி கேட்பார்.

மொத்த வியாபாரியின் பார்வையில் விற்பனை 130 ஆகிவிட்டது. அவருடைய இரண்டு வார இருப்பு இனி 260 ஆக இருக்க வேண்டும். கொடுத்த 130-ஐ நிரப்பி, மேலும் 60 சேர்த்து, ஆலைக்கு 190 பெட்டி ஆர்டர் எழுதுவார். அடுத்த வாரம் கடைக்காரர் விற்ற 110-ஐ மட்டும் கேட்கிறார். மொத்த வியாபாரிக்கு இனி 220 பெட்டி இருப்பு போதும். கையில் 260 இருக்கிறது. ஆகவே 40 பெட்டியைக் கழித்து 70 பெட்டிக்குத்தான் ஆர்டர் கொடுப்பார்.

வாடிக்கையாளர் வாங்கியது முதல் வாரம் 110, இரண்டாம் வாரமும் 110. ஆலைக்கு வந்த ஆர்டர் முதல் வாரம் 190, இரண்டாம் வாரம் 70. இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் பேராசைப்படவில்லை. ஒவ்வொருவரும் புத்திசாலித்தனமாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனாலும் ஆலை முதல் வாரம் ஓவர்டைம் கொடுத்து ஆட்களை வைத்து ஓட்டுகிறது. இரண்டாம் வாரம் இயந்திரத்தை நிறுத்துகிறது. இரண்டுக்கும் ஆகும் செலவு கடைசியில் சரக்கின் விலையில்தான் ஏறும்.

இதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்து எழுதியவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஜே ஃபாரஸ்டர் என்ற பொறியாளர். கென்டக்கி மாநிலத்தில் வீட்டுச் சாதனங்கள் தயாரிக்கும் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலைகளில் ஒரு காலத்தில் மூன்று ஷிப்டு ஓடும். சில ஆண்டுகள் கழித்துப் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. நாட்டின் பொருளாதார நிலையை மட்டும் வைத்து இதற்கு விளக்கம் சொல்ல முடியவில்லை. ஃபாரஸ்டர் தாளும் பென்சிலும் வைத்துக் கணக்குப் போட்டார். வெளியிலிருந்து எந்த அதிர்ச்சியும் வராவிட்டாலும், ஆர்டர் கொடுக்கும் முறையும் ஆள் எடுக்கும் முறையுமே இந்த ஊசலாட்டத்தை உண்டாக்கும் என்று கண்டார். 1958-இல் கட்டுரையாகவும் 1961-இல் நூலாகவும் இதை வெளியிட்டார்.

நான்கு காரணங்கள்

பின்னர் 1997-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹௌ லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூவரும் இந்த ஊசலாட்டத்துக்கான காரணங்களை நான்காகப் பிரித்துக் காட்டினர். இதற்குச் ‘சாட்டை விளைவு’ என்று பெயர். சாட்டையின் கைப்பிடி சிறிது அசைந்தாலும் நுனி பெரிதாக வீசும் அல்லவா? பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன்னுடைய பேம்பர்ஸ் குழந்தை நாப்கின் விற்பனையில் இதைக் கண்டிருந்தது. குழந்தைகள் நாப்கினை ஒரே சீராகத்தான் உபயோகிக்கின்றன. கடை விற்பனையிலும் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் விநியோகஸ்தர்களின் ஆர்டர் தாறுமாறாக ஏறி இறங்கியது. நிறுவனம் தன் மூலப்பொருளுக்குக் கொடுத்த ஆர்டர் அதைவிட அதிகமாக ஏறி இறங்கியது.

அந்த நான்கு காரணங்களும் நமக்குப் பழக்கமானவைதாம்.

முதலாவது, கீழிருந்து வரும் ஆர்டரைப் பார்த்து வரப்போகும் விற்பனையை ஊகிப்பது. மேலே போட்ட கணக்கு இதற்கு உதாரணம்.

இரண்டாவது, ஆர்டரைச் சேர்த்து வைத்து மொத்தமாகக் கொடுப்பது. ஒரு லாரி லோடு சேரட்டும் என்று காத்திருந்து ஒரே நாளில் ஆர்டர் எழுதுகிறோம். பிரதிநிதிக்கு மாத இலக்கு இருப்பதால் மாதக் கடைசி வாரத்தில் பில் குவிகிறது.

மூன்றாவது, விலை ஏற்ற இறக்கம். கழிவு கொடுக்கும் மாதத்தில் தேவைக்கு மேல் வாங்குகிறோம். கழிவு முடிந்த பின் வாங்குவதை நிறுத்துகிறோம்.

நான்காவது, தட்டுப்பாட்டுக் காலத்தில் கூட்டிக் கேட்பது. கேட்டதில் பாதிதான் வரும் என்று தெரிந்தால் 50 பெட்டி வேண்டியவர் 100 என்று எழுதுகிறார். தட்டுப்பாடு தீர்ந்ததும் அந்த ஆர்டர்களெல்லாம் ரத்தாகின்றன. ஆலை அதற்குள் உற்பத்தியை இரட்டிப்பாக்கியிருக்கும்.

இந்த நான்கில் முதலாவதும் நான்காவதும் செய்தி சரியாகப் போகாததால் வருபவை. இரண்டாவதும் மூன்றாவதும் பெரும்பாலும் கம்பெனிகளே வகுத்த விதிகளால் வருபவை. இந்த வேறுபாட்டை வணிகர்கள் மறக்கக் கூடாது.

இத்தாலியில் நடந்தது

இந்தப் பாடத்துக்கு மிகப் பொருத்தமான ஓர் உதாரணம் இத்தாலியின் பார்மா நகரத்து பரில்லா நிறுவனம். 1877-இல் பியத்ரோ பரில்லா என்பவர் தொடங்கிய ரொட்டி, பாஸ்தா கடையிலிருந்து வளர்ந்த நிறுவனம் இது. பாஸ்தா என்பது நம் சேமியாவின் இனத்தைச் சேர்ந்த கோதுமைப் பண்டம். 1990 வாக்கில் பரில்லா உலகிலேயே மிகப் பெரிய பாஸ்தா உற்பத்தியாளராக இருந்தது. இதன் அனுபவத்தை ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேராசிரியை ஜானிஸ் ஹாமண்ட் 1994-இல் பாடமாக எழுதினார். இன்றும் பல நாடுகளின் மேலாண்மைக் கல்லூரிகளில் அது கற்பிக்கப்படுகிறது.

பரில்லாவின் உலர் சரக்குகள் ஏறக்குறைய 800 வகைகள். ஆலையிலிருந்து மையக் கிடங்குக்கும், அங்கிருந்து பெரும்பகுதி விநியோகஸ்தர்களின் கிடங்குகளுக்கும், பிறகு சூப்பர் மார்க்கெட்டுகளுக்கும் போயின. சிறு கடைகளுக்கு நிறுவனத்தின் சொந்த டிப்போக்கள் மூலம் சரக்குப் போயிற்று. விநியோகஸ்தர்கள் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு முறை இருப்பைப் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். ஆர்டர் கொடுத்து 8 முதல் 14 நாட்களுக்குள் சரக்கு வரும்.

அங்கும் ஸ்கீம்கள் இருந்தன. ஓராண்டை நாலைந்து வாரங்கள் கொண்ட பத்துப் பன்னிரண்டு தவணைகளாகப் பிரித்து, ஒவ்வொரு தவணையிலும் சில சரக்குகளுக்குக் கழிவு கொடுத்தார்கள். முழு லாரி எடுத்தால் அதற்குத் தனிக் கழிவு. பிரதிநிதிகளுக்கு இலக்கை எட்டினால் ஊக்கத்தொகை. விளைவு என்ன? ஒரே விநியோகஸ்தரின் ஆர்டர் ஒரு வாரம் மலையாகவும் மறு வாரம் மடுவாகவும் இருந்தது. கிடங்கில் இரண்டு வாரச் சரக்கு இருந்தும், கடை கேட்கும் ரகம் மட்டும் இல்லாமல் போயிற்று. இருப்பு அதிகம், தட்டுப்பாடும் அதிகம் என்ற இந்த விசித்திரத்தை நம் குடோன்களிலும் காணலாம்.

ஆலையில் இதனால் என்ன கஷ்டம் என்று சிலர் கேட்கலாம். பாஸ்தாவைப் பிழிந்தவுடன் நீண்ட சுரங்கம் போன்ற உலர்த்தும் அடுப்புக்குள் மெதுவாக ஓட விடுகிறார்கள். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒவ்வொரு பருமனுக்கும் சூடும் ஈரப்பதமும் வேறு வேறு. அளவு தவறினால் சரக்கு வெடிக்கும், தரம் கெடும். எனவே ஒரு வடிவத்திலிருந்து அடுத்த வடிவத்துக்குப் போகும்போது மாற்றம் மிகக் குறைவாக இருக்கும்படி வரிசை வகுத்துத்தான் அடுப்பை ஓட்டுவார்கள். எதிர்பாராத ஆர்டர் வந்ததென்று நடுவில் வரிசையைக் கலைக்க முடியாது. இதற்கு ஒரே வழி, எல்லா ரகத்திலும் ஏராளமாகச் செய்து மையக் கிடங்கில் குவித்து வைப்பது. அதற்கு முதலும் வேண்டும், இடமும் வேண்டும்.

1980-களின் கடைசியில் இந்நிறுவனத்தின் சரக்குப் போக்குவரத்துப் பிரிவு ஒரு புதிய யோசனையைச் சொன்னது. விநியோகஸ்தர் ஆர்டர் எழுத வேண்டாம். தன் கிடங்கில் இருக்கும் இருப்பு, முந்தின நாள் வெளியே போன சரக்கு, இல்லை என்று சொல்ல நேர்ந்த சரக்கு, வரப்போகும் விசேஷ விற்பனைக்கான தேவை ஆகியவற்றைத் தினமும் தெரிவித்தால் போதும். எதை, எப்போது, எவ்வளவு அனுப்புவது என்பதை பரில்லாவே முடிவு செய்யும். பிரிவின் இயக்குநர் ஜியார்ஜியோ மஜாலி இதை நடைமுறைக்குக் கொண்டுவர முயன்றார்.

வியாபாரிகளின் ஆட்சேபம்

பல மாதங்கள் முயன்றும் ஒரு விநியோகஸ்தர்கூட இசையவில்லை. அவர்கள் சொன்ன காரணங்களை இங்கே சுருக்கித் தருகிறோம். இருப்பைக் கவனிப்பது எங்கள் தொழில். அதில் கம்பெனிக்கு என்ன வேலை? எங்கள் விற்பனைக் கணக்கை ஏன் காட்ட வேண்டும்? கம்பெனி தன் செலவைக் குறைத்துக்கொள்ள எங்கள் கிடங்கில் சரக்கைத் தள்ளுவதற்கு நாங்களே அதிகாரம் எழுதிக் கொடுப்பதா?

இந்தக் கேள்விகளை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆர்டர் எழுதும் பேனா யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் வியாபாரியின் முதல் இருக்கிறது.

பரில்லாவின் சொந்த விற்பனைப் பிரிவிலும் எதிர்ப்பு இருந்தது. ஸ்கீம் இல்லையென்றால் விற்பனை படுத்துவிடும், ஊக்கத்தொகை போய்விடும், வியாபாரியின் கிடங்கில் காலியாகும் இடத்தைப் போட்டிக் கம்பெனி பிடித்துக்கொள்ளும், வேலைநிறுத்தம் வந்தால் கடையில் சரக்கே இருக்காது என்றெல்லாம் பிரதிநிதிகள் அஞ்சினார்கள்.

பிறகு நிறுவனம் வழியை மாற்றியது. உச்ச நிர்வாகமே முன்வந்து பொறுப்பேற்றது. பிறரிடம் கேட்பதற்கு முன், ஃப்ளாரன்ஸ் நகரிலும் அடுத்து மிலானிலும் இருந்த தன் சொந்த டிப்போக்களில் முறையைச் சோதித்துப் பார்த்தது. இருப்பு வெகுவாகக் குறைந்தது. அதே சமயம், கடை கேட்ட சரக்கு இல்லை என்று சொல்லும் நிலையும் குறைந்தது. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் பெரிய விநியோகஸ்தர் ஒருவரிடம் பேசினார்கள். அவருடைய பழைய கணக்கையும் எடுத்து இரு தரப்பும் சேர்ந்து பார்த்தார்கள். அவருடைய கிடங்கிலும் முறை வந்தபின் தட்டுப்பாடு கிட்டத்தட்ட நின்றது, இருப்பும் குறைந்தது. அதன் பின் மற்றவர்களும் சேர்ந்தனர்.

தன் பொருளில், தன் செலவில் முதலில் சோதித்துக் காட்டியபின்தான் வியாபாரியின் நம்பிக்கை கிடைத்தது என்பதே இந்த வரலாற்றில் நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

322 ஆலைகள் சொல்லும் பாடம்

ஒரு நிறுவனத்தின் அனுபவத்தை வைத்து எல்லாத் தொழிலுக்கும் முடிவு கட்டலாமா என்ற கேள்வி எழும். 2001-இல் ஃப்ரோலிக், வெஸ்ட்புரூக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பல நாடுகளிலுள்ள 322 உற்பத்தி ஆலைகளின் விவரங்களை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். தனக்கு மூலப்பொருள் தருபவரோடும் தன்னிடம் வாங்குபவரோடும் எவ்வளவு தூரம் இணைந்திருக்கிறது என்பதை வைத்து ஆலைகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். எவரோடும் அதிகம் இணையாதவை ஒரு முனை. இரு பக்கமும் ஆழமாக இணைந்தவை மறு முனை. மூலப்பொருள் பக்கம் மட்டும் இணைந்தவையும், வாங்குபவர் பக்கம் மட்டும் இணைந்தவையும் இடையில்.

இரு பக்கமும் ஆழமாக இணைந்த ஆலைகளே செயல்திறனில் மிக அதிக முன்னேற்றம் கண்டிருந்தன. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. கடையின் விற்பனை தெரிந்தும், மாவு தருபவர் பதினைந்து நாள் கழித்துத்தான் மாவு தருவார் என்றால் அந்தச் செய்தியால் ஆலைக்கு என்ன பயன்?

இந்த ஆய்வைப் படிக்கும்போது வணிகர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். இணைந்த ஆலைகள் நன்றாக நடந்தன என்பதால், இணைப்பு மட்டுமே காரணம் என்று ஆகாது. நிர்வாகம் நன்றாக உள்ள ஆலை இணைப்பையும் நன்றாகச் செய்திருக்கலாம். இரண்டாவது, இதில் அளக்கப்பட்டது ஆலையின் செயல்திறன். பதில் சொன்னவர்கள் ஆலை நிர்வாகிகள். அந்த ஆதாயத்தில் விநியோகஸ்தருக்கு எவ்வளவு போயிற்று என்ற கேள்விக்கு இதில் விடை இல்லை. அதை நாமேதான் கேட்டுப் பெற வேண்டும்.

இருப்பைக் குறைப்பதிலும் அளவு வேண்டும்

ஒருங்கிணைப்பு என்றாலே இருப்பைத் துடைத்துவிடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி ஜப்பானில் கரியா நகரிலுள்ள ஐசின் ஆலையில் தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் பொருத்தும் ஒரு சிறு வால்வு அனேகமாக முழுவதும் அங்கிருந்துதான் வந்தது. கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான் இருந்தது. ஜப்பானிலிருந்த டொயோட்டாவின் கார் ஆலைகள் ஏறக்குறைய அனைத்தும் நின்றன. ஆனால் நெடுநாள் பழக்கமுள்ள துணை நிறுவனங்கள் பலவும், தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனமும்கூட, அந்த வால்வைச் செய்து கொடுக்க முன்வந்தன. ஒரு வாரத்தை ஒட்டி உற்பத்தி மீண்டது. இருப்பு மெலிந்திருந்ததால் ஆலை நின்றது. உறவு வலுவாக இருந்ததால் ஆலை எழுந்தது.

2020-இல் கொரோனா பரவியபோது பல கார் கம்பெனிகள் மின்னணுச் சில்லுகளுக்கான ஆர்டரை ரத்து செய்தன. சில்லு செய்பவர்கள் கணினிக்கும் கைபேசிக்கும் திரும்பினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் கார் விற்பனை மீண்டபோது சில்லு கிடைக்கவில்லை. 2011 பூகம்பத்துக்குப் பின் சில மாதச் சில்லுகளை இருப்பில் வைக்கும்படி தனக்குப் பொருள் தருபவர்களிடம் டொயோட்டா சொல்லியிருந்ததால், மற்றவர்களைவிட அதிக காலம் தாக்குப்பிடித்தது. ஆனால் 2021 செப்டம்பரில் அதுவும் திட்டமிட்ட உற்பத்தியில் 40 சதவீதத்தைக் குறைக்க நேர்ந்தது. மாற்று எளிதில் கிடைக்காத சரக்கில் இருப்பைக் குறைப்பது ஆபத்து என்பதே இதன் பொருள்.

நம் பேரேட்டில் இதன் கணக்கு

இனி நம் கணக்கைப் பார்ப்போம். ஒரு சரக்கு உங்களிடம் மாதம் 1 லட்சம் ரூபாய்க்குப் போகிறது. 3 லட்சத்துக்கு ரொக்கத்தில் எடுத்தால் 2 சதவீதக் கழிவு என்று ஸ்கீம் வருகிறது. கழிவு 6,000 ரூபாய். முதல் ஒரு லட்சம் எப்படியும் வாங்க வேண்டியது. இரண்டாவது லட்சம் வேண்டியதற்கு ஒரு மாதம் முன்பாகவும், மூன்றாவது லட்சம் இரண்டு மாதம் முன்பாகவும் முடங்குகின்றன. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டிப் பணமானால் 2,000-மும் 4,000-மும் சேர்ந்து வட்டி 6,000 ரூபாய். கழிவு முழுவதும் வட்டிக்கே சரியாகிவிட்டது. குடோன் வாடகை, எலி, ஈரம், தேதி முடிந்த சரக்கு எல்லாம் கைநஷ்டம். 1 ரூபாய் வட்டியில் வங்கிப் பணம் இருப்பவருக்கு 3,000 மிஞ்சும். அதிலிருந்துதான் மற்றச் செலவுகளைக் கழிக்க வேண்டும்.

மறுபக்கம், மாதம் 10 லட்சம் ரூபாய் கொள்முதல் உள்ள ஏஜென்சி 30 நாள் இருப்பை 20 நாளாகக் குறைத்தால் சுமார் 3 லட்சத்து 33 ஆயிரம் ரூபாய் முதல் வெளியே வரும். மாதம் 1 ரூபாய் வட்டியில்கூட ஆண்டுக்கு 40,000 ரூபாய் மிச்சம். அந்தப் பணத்தில் வேறொரு சரக்கும் எடுக்கலாம். எனவே ஒருங்கிணைப்பு வணிகருக்கு விரோதமான முறை அல்ல. பங்கு சரியாகப் பிரிக்கப்படுகிறதா என்பதே கேள்வி.

இன்று இந்தக் கேள்வி அவசரமானது. கம்பெனி தரும் பில் மென்பொருளும், கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்கும் கைபேசிச் செயலியும் நம் ஏஜென்சிகள் பலவற்றில் வந்துவிட்டன. எந்தக் கடைக்கு எந்த நாள் எவ்வளவு போயிற்று என்ற செய்தி தினமும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. நம் நாள்வழிக் கணக்கைக் கொடுத்தாயிற்று. அதற்கு ஈடாக என்ன பெற்றோம் என்று யோசிக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை

1. எந்தச் செய்தி போகிறது? ரகவாரியாக இருப்பும் விற்பனையும் தெரிந்தாலே ஆலைக்குப் போதும் என்பதை பரில்லா காட்டியது. அதற்கு மேல் கடைக்காரர் பெயரும் கடன் விவரமும் ஏன் தேவை என்று கேளுங்கள்.

2. இருப்புக்கு உச்சவரம்பும் கீழ்வரம்பும் உண்டா? கம்பெனி தானே முடிவு செய்து அனுப்பும் சரக்கு இத்தனை நாள் விற்பனைக்கு மேல் போகக் கூடாது என்று எழுத்தில் வாங்குங்கள்.

3. விற்காத சரக்கு யாருடையது? அனுப்பும் முடிவு கம்பெனியுடையதானால், தேங்கிய சரக்கையும் தேதி முடிந்த சரக்கையும் திரும்ப எடுக்கும் பொறுப்பும் கம்பெனியுடையதாக இருக்க வேண்டும்.

4. ஸ்கீம் நின்றால் அந்தக் கழிவு எங்கே போகிறது? 1990-களின் தொடக்கத்தில் பிராக்டர் அண்ட் கேம்பிள் அமெரிக்காவில் இத்தகைய கழிவுகள் பலவற்றைக் குறைத்தபோது, பட்டியல் விலையையே நிரந்தரமாகக் குறைத்தது. நமக்கும் நிரந்தரக் குறைந்த விலையோ கூடுதல் கமிஷனோ வேண்டும்.

5. சிறிய லோடாக அடிக்கடி வந்தால் இறக்குகூலியும் வண்டி வாடகையும் யார் கணக்கு?

6. தொடர்பு முறிந்தால் என்ன? ஏஜென்சி கைமாறும்போது உங்கள் கடைகளின் விவரம் அடுத்தவர் கைக்கு அப்படியே போகுமா என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

7. சோதனை உண்டா? வேகமாக ஓடும் ஒரு சரக்கில் மூன்று மாதம் பாருங்கள். தொடங்குமுன் உள்ள இருப்பு நாட்கள், தட்டுப்பட்ட நாட்கள், தேங்கிய சரக்கின் மதிப்பு ஆகியவற்றை நோட்டில் எழுதி வைத்து, முடிவில் ஒப்பிடுங்கள். நோட்டு இல்லாவிட்டால் கம்பெனி சொல்வதுதான் கணக்காகும்.

நம் பங்குக்கும் ஒரு கடமை இருக்கிறது. தட்டுப்பாட்டுக் காலத்தில் இரட்டிப்பாக எழுதி, பிறகு ரத்து செய்யும் பழக்கத்தை விட வேண்டும். 50 வேண்டுமானால் 50 என்றே எழுதுவோம். ஒரு வியாபாரி தனியாக இதைச் செய்தால் அவருக்கு நஷ்டம். ஊரிலுள்ள எல்லாரும் சேர்ந்து செய்தால் நஷ்டமில்லை. அதுபோலவே மேலே சொன்ன ஏழு கேள்விகளை ஓர் ஏஜென்சிக்காரர் கேட்டால் கம்பெனி வேறு ஆளைப் பார்க்கலாம். சங்கமாகக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். உறுப்பினர்கள் தத்தம் கிளைக் கூட்டங்களில் இந்தக் கேள்விகளை எடுத்துப் பேசி, தங்கள் கம்பெனி ஒப்பந்தத்தில் எவற்றுக்குப் பதில் இருக்கிறது, எவற்றுக்கு இல்லை என்று குறித்துக்கொள்வது நல்ல தொடக்கமாக இருக்கும்.